டிரெய்லிங் பிளக் ஸ்பேர் பிளக் இல்லை

நேற்று இன்னொரு 13பி என்ஜினைப் பிரித்தேன், மாஸ்டாவின் ரோட்டரி என்ஜின் அது, பிஸ்டனுக்குப் பதில் இரண்டு முக்கோண ரோட்டர்கள் சுற்றும். பின் ரோட்டரில் ஒரு அபெக்ஸ் சீலின் (ரோட்டர் முனையில் உரசி அறையை அடைக்கும் பட்டை) மூலை உடைந்து, எக்சாஸ்ட் போர்ட் வழியாக வெளியேறும்போது ரோட்டர் சுற்றும் ஹவுசிங்கில் நீளமாக ஒரு கோடு கிழித்துவிட்டுப் போயிருக்கிறது. நகத்தை வைத்துத் தேய்த்தால் மாட்டுகிறது, அந்த ஹவுசிங் இனி எதற்கும் ஆகாது. "டியூனிங் சரியில்லை, டர்போ பூஸ்ட் ஏறினால் முக்குகிறது" என்றுதான் வண்டிக்காரர் கொண்டுவந்தார். டியூனிங் மேப்பில் ஒரு குறையும் இல்லை. புது ஈசியூவுக்கு (என்ஜினை ஓட்டும் கம்ப்யூட்டர்) வயரிங் செய்தபோது, ஒவ்வொரு ரோட்டரிலும் இரண்டாவதாகப் பொறி விடும் டிரெய்லிங் பிளக்கின் காயில் இரண்டின் வயர்களும் ஒன்றுக்கொன்று மாறிவிட்டன, அவ்வளவுதான். இதே தவறுக்காக இந்த வருடம் நான் பிரிக்கும் மூன்றாவது என்ஜின் இது, அதனால்தான் எழுத உட்கார்ந்தேன்.

"ஒரு ரோட்டருக்கு இரண்டு பிளக், ஒன்று வேலை செய்யாவிட்டால் இன்னொன்று பார்த்துக்கொள்ளும், எது எங்கே போனால் என்ன" என்று என்னிடம் சொல்லாதவர்களே குறைவு. தயவுசெய்து இந்த நினைப்பை விட்டுவிடுங்கள். ஹவுசிங்கில் கீழே இருப்பது லீடிங், மேலே இருப்பது டிரெய்லிங். லீடிங் முதலில் தீ வைக்கும், சில டிகிரி கழித்து டிரெய்லிங் வைக்கும். அறை நீளமாகவும் ஒடுக்கமாகவும் இருப்பதால் ஒரே பிளக்கில் முழுதாக எரியாது என்பதற்காக வைத்தது அந்த இரண்டாவது பிளக்.

இந்தக் குழப்பத்துக்கு ஈசியூ செட்டிங்கும் ஒரு காரணம். ரோட்டரி மோடு இல்லாத ஈசியூ என்றால் இரண்டு ரோட்டர் என்ஜினை நாலு சிலிண்டர் ஃபோர் ஸ்ட்ரோக் என்றுதான் போடுவோம், இரண்டிலுமே ஷாஃப்ட் ஒரு சுற்றுக்கு இரண்டு முறை எரியும் என்பதால். அது கணக்குக்காகப் போடுவது. அதைப் பார்த்துவிட்டு "நாலு சிலிண்டர், நாலு பிளக், பொருந்திவிட்டது" என்று வரிசையாக வயரை இழுத்துவிடுகிறார்கள்.

இரண்டு ரோட்டர்களுக்கும் இடையே எக்சென்ட்ரிக் ஷாஃப்டில் (ரோட்டர்கள் சுழற்றும் முக்கியத் தண்டு) 180 டிகிரி வித்தியாசம். லீடிங் பிளக் தவறான ரோட்டருக்கு 180 டிகிரி தள்ளி ஒரு பொறி விட்டால் பாதகமில்லை, அந்த நேரத்தில் அதன் முன்னால் இருப்பது எரிந்து முடிந்த புகைதான். பல வண்டிகளில் கம்பெனியே இரண்டு லீடிங்கையும் ஒன்றாக அடிக்கவிடுவது இதனால்தான். டிரெய்லிங் கதை வேறு. ஷாஃப்ட் 180 டிகிரி சுற்றினால் ரோட்டர் 60 டிகிரிதான் சுற்றும், அப்போது அபெக்ஸ் சீல் ஏறக்குறைய இரண்டு பிளக்குக்கும் நடுவில் வந்து நிற்கும். லீடிங் பிளக் பழைய புகையைப் பார்க்கிறது, டிரெய்லிங் பிளக்கோ அடுத்த முகத்தின் புதுக் கலவையைப் பார்க்கிறது, அதுவும் அந்தக் கலவை அழுந்த ஆரம்பிக்கும் நேரத்தில். அங்கே ஒரு பொறி விழுந்தால் என்ன நடக்கும் என்று நான் சொல்ல வேண்டியதில்லை. ஐடிலில் ஒரு உதறலும் சைலன்சரில் ஒரு பொட்டுப் பொட்டுச் சத்தமும் வரும், "ரோட்டரி அப்படித்தான்" என்று விட்டுவிடுவார்கள், பூஸ்டில் சீல் போகும்.

இதைக் கண்டுபிடிக்க ஒரு டைமிங் லைட்டும் (பொறி விழும்போது மின்னும் விளக்கு) பத்து நிமிடமும் போதும். ஈசியூவில் டைமிங்கை லாக் செய்யுங்கள். இரண்டாம் தலைமுறை மாஸ்டா ஆர்எக்ஸ்-7 காரின் புல்லியில் மஞ்சள் கோடு லீடிங்குக்கு, டிடிசி (அறை முழுதாக அழுந்தும் நிலை) தாண்டி 5 டிகிரி, சிவப்பு டிரெய்லிங்குக்கு, டிடிசி தாண்டி 20 டிகிரி. முன் ரோட்டரின் லீடிங் வயரில் லைட்டின் கிளாம்ப்பை மாட்டினால் மஞ்சள் கோடு என்ஜினில் உள்ள முள்ளுக்கு நேரே நிற்க வேண்டும். லீடிங்குக்கும் டிரெய்லிங்குக்கும் உள்ள இடைவெளியை 15 டிகிரி வைத்து முன் டிரெய்லிங்குக்கு மாற்றினால் சிவப்பு நிற்க வேண்டும். அடுத்து பின் டிரெய்லிங். இங்கே முள்ளுக்கு நேரே எந்தக் கோடும் தெரியக்கூடாது, அவை புல்லியின் மறுபக்கம் இருக்க வேண்டும். சிவப்புக் கோடு தெரிகிறதா, உடனே சாவியை அணைத்துவிடுங்கள். லேப்டாப் திரையில் டைமிங் எண் அழகாகத்தான் இருக்கும், வயர் எந்தப் பிளக்குக்குப் போகிறது என்பது ஈசியூவுக்கு எப்படித் தெரியும்?

சென்சார் பக்கமும் கவனம் வேண்டும். பழைய ஆர்எக்ஸ்-7இல் ஷாஃப்டின் கோணத்தை ஈசியூவுக்குச் சொல்லும் ஆங்கிள் சென்சாரில் 24 பல் சக்கரம் ஒன்று, 2 பல் சக்கரம் ஒன்று, இரண்டும் எக்சென்ட்ரிக் ஷாஃப்டின் பாதி வேகத்தில் சுற்றும். ஷாஃப்ட் வேகம் என்று நினைத்துச் செட்டிங் போடாதீர்கள். இரண்டு வயர் காந்த சென்சாரில் பிளஸ் மைனஸ் மாறினால் என்ஜின் ஸ்டார்ட் ஆனாலும் ஆகும், ஆனால் ஆர்பிஎம் ஏற ஏற டைமிங் நகரும், சிங்க் விட்டுப்போகும், அதாவது ஷாஃப்ட் எங்கே நிற்கிறது என்று ஈசியூவுக்குத் தெரியாமல் போகும். ஷீல்டு வயரைப் போடுங்கள், ஷீல்டை ஈசியூ பக்கம் மட்டும் எர்த் செய்யுங்கள். அப்புறம் மின் இரைச்சலைக் குறைக்கும் ரெசிஸ்டர் பிளக் போடாமல் "சிக்னலில் நாய்ஸ் வருகிறது" என்று எனக்குப் போன் செய்யாதீர்கள்.

சென்சார் எர்த் ஈசியூவின் சென்சார் எர்த் பின்னுக்கே போகட்டும், பாடியில் முடுக்காதீர்கள். பவர் எர்த் என்ஜின் பிளாக்கில், பெயிண்டைச் சுரண்டிவிட்டு. சால்டர் வேண்டாம், அதிர்வில் அதன் ஓரத்தில்தான் வயர் ஒடியும், நல்ல கிரிம்ப் டூல் வாங்குங்கள். இக்னைட்டர் (காயிலுக்குக் கரண்ட்டைத் திறந்து மூடும் ஸ்விட்ச்) இல்லாத காயிலை ஈசியூவின் லாஜிக் அவுட்புட்டில் நேரே கொடுத்தால் ஈசியூவே போய்விடும்.

பலர் மறந்துபோவது சீல்களுக்கு ஆயில் ஊட்டும் ஆயில் மீட்டரிங் பம்ப்பை. 1989 முதல் ஆர்எக்ஸ்-7இல் அது ஸ்டெப்பர் மோட்டாரில் ஓடுவது, கம்பெனி ஈசியூதான் அதை ஓட்டும். அந்த ஈசியூவைக் கழற்றிவிட்டால் யார் ஓட்டுவது? புது ஈசியூவுக்கு அந்த வசதி இல்லையென்றால் முதல் ஸ்டார்ட்டுக்கு முன்னாலேயே பெட்ரோலில் டூ ஸ்ட்ரோக் ஆயில் கலக்க வேண்டும். வண்டி ஓடும், ஒரு லைட்டும் எரியாது, சீல் மட்டும் காய்ந்து தேயும்.

கடைசியாகக் கெஞ்சிக் கேட்கிறேன். வயரிங் முடித்து முதல் தடவை சாவியைத் திருப்பும்போது காயில் கனெக்டர்களைக் கழற்றி வையுங்கள். ஸ்பார்க் எட்ஜ் செட்டிங் (சிக்னல் ஏறும்போது பொறியா, இறங்கும்போதா என்பது) தலைகீழாக இருந்தால் காயில் சார்ஜ் ஆகிக்கொண்டே கிடக்கும், தொட்டால் கை சுடும் அளவுக்குக் கொதித்துவிடும். லாஜிக் சரியென்று பார்த்த பிறகு ஒவ்வொன்றாக மாட்டுங்கள், மாட்டும்போதே எல்1, எல்2, டி1, டி2 (எல் லீடிங், டி டிரெய்லிங், 1 முன் ரோட்டர், 2 பின் ரோட்டர்) என்று வயரில் டேப் ஒட்டி எழுதுங்கள்.