கோச்: பயிற்சியாளரா, பயிற்றுநரா?

2025 ஜூலையில் கோச் ஓவன் கோயல், 'சென்னையின் எஃப்சி' கால்பந்து அணியை விட்டுப் பிரிந்தார். அந்த வாரம் முழுக்க, கிருஷ்ணகிரியில் நான் சாயங்காலம் டீ குடிக்கும் கடையில் ஒரே பேச்சு: "அடுத்த கோச் யாரு?"

எங்கள் ஊரில் இந்தச் சண்டை இரண்டு மடங்கு. பெங்களூரு சுமார் 90 கிலோமீட்டர், சென்னை 250க்கு மேல். தம்பிகளில் சிலர் பெங்களூரு எஃப்சி, சிலர் சென்னையின். இரண்டு சட்டையும் நீலம். வாயைத் திறந்தால்தான் யார் எந்தப் பக்கம் என்று தெரியும். 2018 மார்ச் 17 அன்று கண்டீரவா அரங்கில் நடந்த இந்தியன் சூப்பர் லீக் இறுதியாட்டத்தில் சென்னை 3-2 என்று பெங்களூருவை அதன் சொந்த மண்ணிலேயே வென்றதை ஒருவர் எடுத்தார். அன்றைக்குக் கோச்சாக இருந்த ஜான் கிரிகரியையே திரும்பக் கூப்பிட வேண்டும் என்றார். வெளிநாட்டுக்காரர்கள் போதும், நம் ஆள் ஒருவரைப் போடட்டும் என்றார் இன்னொருவர். காலித் ஜமில் பெயர் வந்தது. ஆகஸ்டில் இந்திய அணியே அவரை எடுத்துக்கொண்டது. கிளிஃபோர்ட் மிராண்டா பெயர் வந்ததும் பெங்களூரு ரசிகர் முகம் சுருங்கியது. 2023 சூப்பர் கோப்பை இறுதியில் ஒடிசாவை வைத்து பெங்களூருவைச் சாய்த்தவர் அவர். கடைசியில் சென்னைக்கு வந்ததும் அவர்தான்.

இதற்கு நடுவில் என் அக்கா மகன் கேட்டான்: "மாமா, அவ்ளோ நேரமா கோச்சு கோச்சுன்றாங்களே, அதுக்குத் தமிழ் என்னா?" அடுத்த வாரம் அவர்கள் நடத்தும் போட்டிக்கு ஃப்ளெக்ஸ் அடிக்க வேண்டும். அதற்காகத்தான் கேட்டான்.

கோச் என்பது முதலில் ஆளே அல்ல, வண்டி. ஹங்கேரியில் கோச் என்றே ஓர் ஊர் இருக்கிறது. வியன்னாவுக்கும் புடாவுக்கும் இடையே போகும் பாதையில் இருந்த சின்ன ஊர். 15ஆம் நூற்றாண்டில் அந்த ஊர்க்காரர்கள் செய்த குதிரை வண்டி, வேகத்துக்கும் சொகுசுக்கும் பேர்போனது. ஹங்கேரி மொழியில் கோச்சி என்றால் 'கோச் ஊரினது'. நாம் சின்னாளப்பட்டி, சுங்குடி என்று ஊரையோ வேலைப்பாட்டையோ சொல்லிப் புடவை கேட்கிறோமே, அப்படித்தான் வண்டிக்கு ஊர்ப்பெயர் ஒட்டியது. ஜெர்மனில் குட்ஷே, பிரெஞ்சில் கோஷ், ஆங்கிலத்தில் கோச் என்று அது ஐரோப்பா முழுக்க ஓடியது. இரண்டு பெரிய நகரங்களுக்கு நடுவே, போகிற வருகிற வண்டிகளைப் பார்த்தே வளர்ந்த ஊர் என்றால் எங்களுக்குச் சொல்லிப் புரிய வைக்க வேண்டியதில்லை. கிருஷ்ணகிரியும் அப்படிப்பட்ட ஊர்தான்.

வெள்ளைக்காரர் காலத்தில் தமிழுக்கும் வண்டியாகத்தான் வந்தது: கோச்சு வண்டி. பிறகு ரயிலுக்கு ஏறியது. தருமபுரி ஸ்டேஷனில் நின்று "எஸ் 5 கோச் எங்க நிக்கும்?" என்று கேட்கும்போது நாம் சொல்வது இந்தப் பழைய பொருள். அதற்குத் தமிழில் சிக்கலே இல்லை, பெட்டி என்று நாமே அழகாக வைத்துக்கொண்டோம். பெரம்பூரில் 1955இல் தொடங்கிய ஐசிஎஃப்கூட நம் வாயில் பெட்டி செய்கிற தொழிற்சாலைதான்.

வண்டி எப்படி ஆளானது? அதற்குக் காரணம் விளையாட்டு இல்லை, பரீட்சை. 1830 வாக்கில் ஆக்ஸ்ஃபோர்டு மாணவர்கள், தங்களைத் தேர்வில் கரை சேர்க்கும் தனி ஆசிரியரைக் 'கோச்' என்று கேலியாகச் சொன்னார்கள். வண்டி ஊர் கொண்டு சேர்ப்பதுபோல இவர் பாஸ் வரை கொண்டு சேர்க்கிறார் என்ற கணக்கு. விளையாட்டுக்கு அந்தச் சொல் வந்தது அதற்குப் பிறகு, 1860களில். ஆக, தருமபுரியில் போலீஸ் தேர்வுக்கும் நீட்டுக்கும் பலகை வைத்திருக்கிற கோச்சிங் சென்டர்கள், கால்பந்துக்காரர்களைவிட மூத்த பொருளில் அந்தச் சொல்லை வைத்திருக்கின்றன!

இதில் எனக்கு மிகவும் பிடித்தது ஒன்று உண்டு. ஹங்கேரிக்காரர்கள் தங்கள் பயிற்சியாளரைக் கோச் என்று அழைப்பதில்லை. அவர்கள் மொழியில் கோச்சி இன்றைக்குக் காரைக் குறிக்கிறது. அணியின் ஆசானுக்கு எட்சோ என்று பெயர். இரும்பைக் காய்ச்சிக் குளிர்வித்து உறுதியாக்குவதைச் சொல்லும் வினையிலிருந்து வந்தது அது. சென்னையின் அணியிலும் 2020-21இல் ஒரு ஹங்கேரிக்காரர், சாபா லாஸ்லோ, தலைமைக் கோச்சாக இருந்தார். சொல் பிறந்த நாட்டுக்காரர் அந்தச் சொல்லின் பதவியில் இருந்தும் அணி எட்டாவது இடத்தில் முடித்தது. அந்த வருஷமும் டீக்கடையில் இதே "அடுத்தது யாரு?" பேச்சுதான்.

இங்கிலாந்துக் கால்பந்தில் இதே வேலைக்கு மேனேஜர் என்று பெயர். அதைச் சிலர் 'மேலாளர்' என்று அப்படியே எழுதிவிடுகிறார்கள். அலெக்ஸ் ஃபெர்குசன் 1986 முதல் 2013 வரை மான்செஸ்டர் யுனைடெட்டின் மேலாளர் என்று படித்தால், கடன் மனுவில் கையெழுத்துப் போடுபவர் மாதிரி இருக்கிறது. அதை விட்டுவிடலாம்.

சரி, தமிழுக்கு வருவோம். பத்திரிகைகள் பயிற்சியாளர் என்று எழுதுகின்றன. நமக்கும் பழகிவிட்டது. வேர் நல்ல வேர்: பயில். முயல் என்பதிலிருந்து முயற்சி வந்ததுபோல, பயில் என்பதிலிருந்து பயிற்சி. (பயில்வான் இந்தக் குடும்பம் இல்லை; அது பாரசீகத்தின் பஹ்லவான்.) ஆனால் பயிற்சி என்பது பயில்கிறவனுக்கும் பொது, பயிற்றுகிறவருக்கும் பொது. தருமபுரி அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனையில் பயிற்சி மருத்துவர் என்றால் யார்? கற்றுக்கொண்டிருப்பவர். பயிற்சி ஆட்சியர் என்றால்? அவரும் கற்றுக்கொண்டிருப்பவர்தான். அப்படியிருக்க, பயிற்சியாளர் மட்டும் கற்றுத் தருபவர் ஆவது எப்படி? வழக்கில் நின்றுவிட்டதால் தவறு என்று சொல்ல மாட்டேன். ஆனால் இதைவிடத் தெளிவான சொல் நம் கையிலேயே இருக்கிறது: பயிற்றுநர்.

பயில் என்றால் தான் கற்பது. பயிற்று என்றால் பிறரைக் கற்க வைப்பது. அதோடு நர் என்ற விகுதி. ஓட்டுநர், இயக்குநர், பெறுநர், அனுப்புநர் எல்லாம் இதே அச்சு. ஓட்டுனர், பயிற்றுனர் என்று 'ன' போட்டு எழுதுவதைப் பார்த்தால் எனக்கு மனசு பொறுக்காது. ஏனென்றால் இந்த 'ந' நேற்று வந்தது இல்லை. எங்கள் பக்கத்து அரசனான தகடூர் அதியமானைப் பற்றி ஔவை பாடிய புறநானூற்று 87ஆம் பாடலில் 'பொருநன்' என்று வருகிறது. பொருகிறவன், போரிடுகிறவன். அதே 'ந', அதே வேலை.

அந்தப் பாடலின் உவமையை இங்கே சொல்லாமல் போக முடியவில்லை. ஒரு நாளைக்கு எட்டுத் தேர் செய்யக்கூடிய தச்சன், ஒரு மாதம் உட்கார்ந்து ஒரே ஒரு சக்கரத்தைச் செய்தால் அது எப்படி இருக்கும்? எங்கள் வீரன் அப்படி இருப்பான் என்று பகைவரை எச்சரிக்கிறார் ஔவை. தகடூர்தான் இன்றைய தருமபுரி. வண்டி செய்த ஊர்ப்பெயர் ஆளுக்கு வந்த கதையை ஹங்கேரியில் தேடிக்கொண்டிருந்தேன். ஓர் ஆளைத் தேர்ச்சக்கரமாகவே பார்த்த பாட்டு நம் பக்கத்து மாவட்டத்திலேயே கிடக்கிறது. எட்டு ஆட்டம் தோற்றதும் கோச்சை மாற்று என்று கத்துகிற தம்பிகளுக்கு அந்த ஒரு மாதக் கணக்கைச் சொன்னேன். கொஞ்ச நேரம் அமைதியாக இருந்தார்கள்.

பேச்சில் என்ன சொல்வது என்பது வேறு. மைதானத்தில் "பயிற்றுநரே, நான் இறங்கட்டுமா?" என்று எந்தப் பையனும் கேட்க மாட்டான், கேட்கவும் வேண்டாம். எங்கள் பக்கம் பந்துக்கு மாஸ்டர், பள்ளியில் பி.டி. சார், சிலம்பத்துக்கு வாத்தியார். உபாத்தியாயர் தேய்ந்துதான் வாத்தியார் ஆனது என்றாலும், கம்பைப் பிடித்துக் காலைத் தட்டி நிறுத்துகிற அந்த உறவு வேறு எந்தச் சொல்லிலும் இல்லை. எழுதும்போது பயிற்றுநர், கூப்பிடும்போது வாத்தியார் அல்லது மாஸ்டர். நான் சொல்வது இதுதான்.

மற்றவை எளிது. தலைமைப் பயிற்றுநர், உதவிப் பயிற்றுநர்; இரண்டிலும் ப் வரும். பாதியில் ஒருவர் போன பிறகு அடுத்தவர் வரும்வரை பார்த்துக்கொள்பவர் இடைக்காலப் பயிற்றுநர். 2022 பிப்ரவரியில் கோச் பாண்டோவிச் போனதும் நம் சபீர் பாஷா சென்னைக்கு அப்படி இருந்தார். புதிதாக வருபவரை 'மாற்றுப் பயிற்றுநர்' என்று சொல்ல வேண்டியதில்லை, அது ஆட்டத்தின் நடுவில் இறங்கும் ஆள்போல ஒலிக்கும். டீக்கடையில் சொல்கிறார்களே, 'அடுத்த', அதுவே போதும்.

ஃப்ளெக்ஸ் கடைக்கு நானும் போனேன். திரையில் 'தலைமை பயிற்ச்சியாளர்' என்று அடித்து வைத்திருந்தார்கள். ற் வந்தால் அதன் பின்னால் இன்னொரு புள்ளி எழுத்து வராது, ட் என்றாலும் அப்படியே. முயற்ச்சி, பயிற்ச்சி எதுவும் கிடையாது என்று சொல்லி ச்-ஐ எடுக்கச் சொன்னேன். எடுத்தார். பிறகு மொத்தச் சொல்லையும் எடுக்கச் சொன்னேன். டிசைனர் தம்பி முகம் தூக்கவில்லை. "நீங்களே சொல்லுங்க சார்" என்று விசைப்பலகையை என் பக்கம் தள்ளினார். ஒவ்வோர் எழுத்தாக அடித்தேன். ஆறு அடிக்கு நான்கு அடி, மஞ்சள் எழுத்து: தலைமைப் பயிற்றுநர். கீழே மாஸ்டரின் படம். அக்கா மகன் அதை ஃபோனில் பிடித்து மாஸ்டருக்கு அனுப்பினான். ஞாயிற்றுக்கிழமை காலை ஆறு மணிக்குள் எல்லாரும் மைதானத்துக்கு வந்துவிட வேண்டும் என்று பதில் வந்தது.