பருத்திக்கொட்டையின் கரும்புள்ளிகளும் பருத்தி இனங்களின் உறவும்

அரூர், ஊத்தங்கரைப் பகுதிகளில் கறவை மாட்டுக்குப் பருத்திக்கொட்டையை ஊறவைத்து அரைத்துக் கொடுப்பது வழக்கம். அதே கொட்டை கோழிக்கும் பன்றிக்கும் நஞ்சாகிறது. ஊறிய பருப்பைக் குறுக்கே அரிந்தால் ஊசிமுனை அளவில் தெரியும் கரும்புள்ளிகளே இதற்குக் காரணம். அவை கோசிபால் என்னும் மஞ்சள் நிறச் சேர்மத்தைத் தேக்கிவைத்திருக்கும் சுரப்பிகள். பூச்சிகளிடமிருந்து செடியைக் காப்பது அதன் வேலை. வளர்ந்த மாட்டின் முதல் இரைப்பையில் கோசிபால் புரதங்களோடு பிணைந்து பெரிதும் வலுவிழக்கிறது. அவ்வயிறு முதிராத இளங்கன்றுக்கு அந்தக் காப்பு இல்லாததால், கன்றுக்குப் பருத்திக்கொட்டை வைக்காமலிருப்பதே நல்லது.

கோசிபால் மூலக்கூறு, இடக்கையும் வலக்கையும் போல ஒன்றுக்கொன்று ஆடிப் பிம்பமான வலஞ்சுழி, இடஞ்சுழி என்னும் இரு வடிவங்களில் அமைகிறது. இவற்றில் இடஞ்சுழி வடிவமே நச்சுத்தன்மை மிக்கது. உலகில் மிகுதியாகப் பயிராகும் ஹிர்சூட்டம் என்னும் பருத்தி இனத்தின் விதையில் பொதுவாக வலஞ்சுழி சற்று மேலோங்க, சுவின் ரகம் சேர்ந்த பார்படென்சு இனத்தில் பெரும்பாலும் இடஞ்சுழி மிகுகிறது. ஏரிக்கரைகளில் நாம் காணும் பூவரசும் பருத்தியின் நெருங்கிய உறவே. அம்மரத்தில் கிடைக்கும் கோசிபால் ஏறத்தாழ முழுவதும் வலஞ்சுழி என்பது எனக்கு இன்றும் வியப்பளிக்கும் செய்தி.

ஆயினும் உறவை உறுதியாகச் சொல்வது குரோமோசோம்தான். கருங்கண்ணி முதலிய நாட்டுப் பருத்திகள் அடங்கிய ஆர்போரியம் இனத்துக்கு 26 குரோமோசோம்கள். ஹிர்சூட்டத்துக்கும் பார்படென்சுக்கும் 52. நாட்டுப் பருத்தியின் வழிமுறையைச் சேர்ந்த ஒரு செடியும் அமெரிக்கக் காட்டுப் பருத்தி ஒன்றும் சுமார் 10 முதல் 20 இலட்சம் ஆண்டுகளுக்கு முன் கலந்து, குரோமோசோம் தொகுதி இரட்டித்ததால் உருவானவை அவை. எண்ணிக்கை பொருந்தாததால் நாட்டுப் பருத்தியை அவற்றோடு கலந்தால் பிறக்கும் செடி பெரும்பாலும் மலடாகிறது.

ஆஸ்திரேலியக் காட்டுப் பருத்திகள் சிலவற்றின் விதையில் கோசிபால் சுரப்பி இல்லை. முளைத்த பின்னரே செடியில் அது தோன்றுகிறது. உறவு தொலைவானதால் இப்பண்பைப் பயிர்ப் பருத்திக்குக் கொண்டுவருவது மிகக் கடினம். சுரப்பியே இல்லாத ரகங்களை 1950களில் அமெரிக்காவில் உருவாக்கியபோது, காப்பிழந்த செடிகளைப் பூச்சிகள் தாக்கின. பின்னர் அமெரிக்காவின் டெக்சாஸில் அறிவியலாளர் கீர்த்தி ரத்தோர் குழுவினர் கோசிபாலை உண்டாக்கும் மரபணுவை விதையில் மட்டும் அடக்கி, இலையிலும் தண்டிலும் காப்பு குன்றாத பருத்தியை உருவாக்கினர். அதைப் பயிரிட அமெரிக்க வேளாண் துறை 2018-இலும், அதன் விதையை உணவாகப் பயன்படுத்த அந்நாட்டு உணவு மருந்துத் துறை 2019-இலும் இசைவளித்தன.