இயக்கி: டிரைவருக்குத் தமிழ்

பழைய மடிக்கணினியில் லினக்ஸ் போட்ட அக்கா மகன் போனில் கூப்பிட்டான். "வைஃபைக்கு டிரைவர் இல்லேங்குது மாமா." பக்கத்தில் இருந்த அம்மாவுக்கு 'டிரைவர் இல்லை' மட்டும் காதில் விழுந்தது. "எங்கடா கிளம்புறான்? வண்டி ஓட்ட ஆள் இல்லையாமா?" என்றார்.

அம்மா கேட்டதில் தவறில்லை. ஆங்கிலத்தில் அந்தச் சொல்லின் வேர் ஆடுமாடுகளை ஓட்டிச் செல்வதைக் குறித்த பழைய வினை. நாமும் மாட்டை ஓட்டுகிறோம், பிறகு காரை ஓட்டுகிறோம், ஆகவே ஓட்டுநர். (ஓட்டு + நர். 'ஓட்டுனர்' பிழை.) இலங்கையில் சாரதி. இன்னும் பின்னால் போனால் வலவன். புறநானூற்றின் 27ஆம் பாட்டில் வலவன் ஏவாத வான ஊர்தி வருகிறது.

கணினிக்குள் இருக்கும் டிரைவர் ஒரு நிரல், அதற்கு ஓட்டுநர் பொருந்தாது. உரிமம் உள்ள ஓட்டுநர் யார் காரையும் எடுப்பார். இது அப்படியல்ல, தனக்குத் தெரிந்த சில்லுகளைத் தவிர வேறெதையும் தொடாது. குணத்தைப் பார்த்தால் பாகன்தான் நெருக்கம்: ஒரு யானைக்குப் பழகியவன். ஆனால் வழக்கில் ஊன்றியது 'இயக்கி'. எனக்கும் அதுவே சரியென்று படுகிறது. இயங்கு தன்வினை, இயக்கு பிறவினை. தானாக இயங்குவதற்கு இடம் தருவது லினக்ஸ் போன்ற இயங்குதளம். ஒரு சாதனத்தை இயங்க வைப்பது இயக்கி. மண்வெட்டி, மரங்கொத்தி போல இகர விகுதி ஏறி, செய்வதையே பெயராக்கிவிட்டது. 'இயக்கியை இயக்கி' என்று எழுத நேரும்போது மட்டும் கொஞ்சம் இடறும். தென்மாவட்டக்காரர்களுக்கு வேறொரு நினைப்பும் வரலாம்: இசக்கியம்மனின் பழைய பெயரும் இயக்கிதான். அது யட்சியிலிருந்து வந்தது, வேர் வேறு.

சரி, வைஃபை போன்ற பிணைய அட்டைக்கு உரிய இயக்கியை எப்படிக் கண்டுபிடிப்பது? அட்டைப்பெட்டியில் அச்சிட்ட பெயரை நம்பக்கூடாது. டிபி-லிங்க்கின் டபிள்யூஎன்722என் என்ற யுஎஸ்பி வைஃபையின் முதல் பதிப்பில் ஏதரோஸ் சில்லு, இரண்டாம் பதிப்பில் ரியல்டெக் சில்லு. பெயர் ஒன்று, இயக்கி இரண்டு.

கட்டளைகளைத் தட்டும் முனையத்தில், அட்டைகளைப் பட்டியலிடும் எல்எஸ்பிசிஐ கட்டளையை 'என்என்கே' விருப்பத்தோடு கொடுத்தால், ஒவ்வொரு அட்டைக்கும் சதுர அடைப்புக்குள் இரண்டு நான்கிலக்க எண்கள் (பதினறும எண்கள் என்பதால் எழுத்தும் கலந்திருக்கும்) முக்காற்புள்ளியால் பிரிந்து வரும். முதலாவது தயாரிப்பாளருக்கு, இரண்டாவது சாதனத்துக்கு. இன்டெலின் எண் 8086. 1978இல் அவர்கள் வெளியிட்ட செயலியின் பெயரையே எடுத்துக்கொண்டார்கள். இயங்குதளத்தின் கருவான கர்னல் இந்த எண் ஜோடியைத்தான் ஒவ்வொரு இயக்கியின் பட்டியலோடும் ஒப்பிடுகிறது. கண்டுபிடிக்க வேண்டியதும் அதுதான். (யுஎஸ்பி என்றால் எல்எஸ்யுஎஸ்பி.)

இதிலும் ஒரு கண்கட்டு உண்டு. பல மேசைக்கணினிகளில் 10இசி:8168 என்று ரியல்டெக் அட்டை இருக்கும். அதற்குக் கர்னலோடு வரும் இயக்கியின் பெயர் ஆர்8169. எண் பொருந்தவில்லையே என்று பதறி, ரியல்டெக் தனியாகத் தரும் ஆர்8168ஐத் தேடி ஓடுபவர்கள் ஏராளம். பெரும்பாலும் தேவையில்லை, ஆர்8169 இரண்டு வகைச் சில்லுகளையும் கவனித்துக்கொள்ளும். இணைப்பு அடிக்கடி அறுந்தால் மட்டும் மற்றதைப் போட்டுப் பார்க்கலாம். அப்போது ஆர்8169ஐ, கர்னல் ஏற்றக்கூடாதவற்றின் தடைப்பட்டியலில் சேர்க்க வேண்டும். ஒரு யானைக்கு இரண்டு பாகன் ஆகாது.

மருமகனிடம் அந்தக் கட்டளையை அடிக்கச் சொன்னேன். 'கர்னல் மாட்யூல்ஸ்' வரியில் இன்டெல் வைஃபைக்கான இயக்கி ஐடபிள்யூஎல்வைஃபை இருந்தது. 'கர்னல் டிரைவர் இன் யூஸ்' வரியைக் காணவில்லை. இயக்கி இருக்கிறது, ஆனால் அட்டையைப் பிடிக்கவில்லை. கர்னலின் செய்திகளைக் காட்டும் டிமெசேஜ் பதிவைப் புரட்டினால் காரணம் தெரிந்தது: நிலைபொருள் (ஃபர்ம்வேர்) கோப்பு இல்லை. அது அட்டைக்குள்ளேயே ஓடும் நிரல். இயக்கிதான் அதை உள்ளே ஏற்ற வேண்டும்.

வைஃபை இல்லாமல் இணையத்திலிருந்து எப்படி இறக்குவது என்று கேட்டான். போனை யுஎஸ்பி வடத்தில் மாட்டி, அதன் இணையத்தைப் பகிரும் டெதரிங் போடச் சொன்னேன். அதற்கான இயக்கி கர்னலிலேயே இருந்தது.

"ஆள் கிடைச்சாச்சா?" என்றார் அம்மா.