செக்டர் பார்ட்னர்ஷிப்: துறைசார் தொழிற்கூட்டாண்மை

அமெரிக்க மாநிலங்களின் வேலைவாய்ப்புக் கொள்கைகளைப் படிக்க ஆரம்பித்தால், பத்துப் பக்கம் தாண்டுவதற்குள் 'செக்டர் பார்ட்னர்ஷிப்' என்ற சொல் வந்துவிடும். சிலர் 'இண்டஸ்ட்ரி பார்ட்னர்ஷிப்' என்பார்கள். அமெரிக்கக் கூட்டாட்சிச் சட்டம் இரண்டையும் 'அல்லது' போட்டுச் சேர்த்தே எழுதுகிறது. தமிழில் எழுத வரும்போதுதான் சிக்கல். ஆளாளுக்கு ஒரு சொல் போடுகிறார்கள், அதில் பாதி வேறு எதையோ குறிக்கிறது.

முதலில் பொருள். ஒரு வட்டாரத்தில் ஒரே தொழிலில் இருக்கும் பல நிறுவனங்கள் ஒன்றாக உட்கார்ந்து, தங்களுக்கு எப்படிப்பட்ட ஆட்கள் தேவை, அவர்களுக்கு என்னென்ன தெரிந்திருக்க வேண்டும் என்று பேசி முடிவு செய்கின்றன. இவை பெரும்பாலும் ஒன்றுக்கொன்று போட்டியாளர்கள். சமுதாயக் கல்லூரி (உள்ளூர் மாணவர்களுக்கு இரண்டாண்டுப் படிப்பும் தொழிற்பயிற்சியும் தரும் கல்லூரி), தொழிற்சங்கம், வேலைவாய்ப்புச் சேவை அமைப்பு ஆகியவையும் அந்த மேசையில் இருக்கும். பேசி முடித்ததைப் பாடத்திட்டமாக்குவது கல்லூரியின் வேலை. மாநில அரசு பணம் தரும், விதி வகுக்கும், கூட்டத்தைக் கூட்டவும் செய்யும். என்ன கற்றுத்தர வேண்டும் என்று மட்டும் அது சொல்லாது. அந்த இடத்தில்தான் 'தொழில்துறை முன்னின்று நடத்தும்' ('இண்டஸ்ட்ரி லெட்') என்ற அடைமொழி வருகிறது.

சொல்லின் வேர் வேடிக்கையானது. 'செக்டர்' லத்தீனில் வெட்டுபவர். வெட்டுதல் என்ற பொருளுள்ள 'செகாரே' என்ற வினையிலிருந்து வந்தது. வடிவியலில் வட்டத்திலிருந்து வெட்டியெடுத்த துண்டுக்கு அதே பெயர், நம் பாடநூல்களில் வட்டக்கோணப்பகுதி. பொருளாதாரத்தை இப்படித் துண்டு போட்டுப் பார்க்கும் வழக்கம் பின்னால் வந்தது. 'பார்ட்னர்' பழைய ஆங்கிலச் சட்டச்சொல்லான 'பார்சனர்' திரிந்து வந்தது. சொத்தில் பங்குள்ள உடன்வாரிசு என்று பொருள். இந்துச் சொத்துச் சட்டத்தில் 'கோபார்சனர்' என்று இன்றும் அது உயிரோடு இருக்கிறது. அதற்கு நேர்ச்சொல் நம்மிடம் பங்காளி. ஆனால் பங்காளி என்றதும் தமிழருக்குச் சொத்துத் தகராறுதான் நினைவுக்கு வரும் என்பதால், அந்த வழியை அடைத்துவிடலாம்.

கருத்து பிறந்த கதைக்கு வருவோம். 1990-இல் டெக்சாஸின் சான் அன்டோனியோவில் லெவி ஸ்ட்ராஸ் ஆடைத் தொழிற்சாலை மூடப்பட்டு, சுமார் 1,000 பேர் வேலை இழந்தார்கள். ஊரில் வேறு வேலைகள் இல்லாமல் இல்லை. மருத்துவமனைகள் ஆள் தேடிக்கொண்டுதான் இருந்தன. தையல் இயந்திரத்திலிருந்து எழுந்து வந்தவர்களுக்கு அந்த வேலைக்குரிய படிப்பு இல்லை, அவ்வளவுதான். தேவாலயங்களை அடித்தளமாகக் கொண்ட இரண்டு மக்கள் அமைப்புகள், காப்ஸும் மெட்ரோ அலையன்ஸும், நிறுவன முதலாளிகளிடம் போய், எந்த வேலைகளுக்கு ஆள் எடுப்பீர்கள் என்று முதலில் கேட்டுக்கொண்டன. அதற்குப் பிறகே பயிற்சியை வகுத்தன. அப்படி 1992-இல் தொடங்கியதுதான் 'ப்ராஜெக்ட் க்வெஸ்ட்'. டெக்சாஸ் ஆளுநர் ஆன் ரிச்சர்ட்ஸ் அரசுப் பணம் கிடைக்க வழி செய்தார். (அங்கே ஆளுநர் தேர்தலில் வென்று வருபவர். அதிகாரத்தில் நம் முதலமைச்சருக்கு நிகர். இந்தியச் செய்தி படித்துப் பழகியவர்கள் இதில் தடுமாறுவார்கள்.)

அதே 1992-இல் விஸ்கான்சினின் மில்வாக்கியில், தொழிற்சங்கங்களும் உற்பத்தி நிறுவனங்களும் சேர்ந்து 'விஸ்கான்சின் ரீஜினல் ட்ரெயினிங் பார்ட்னர்ஷிப்' என்ற அமைப்பை உருவாக்கின. 2010-இல் வெளியான ஓர் ஆய்வு இந்த அமைப்பையும், பாஸ்டனிலும் நியூயார்க்கின் பிராங்க்ஸிலும் இயங்கிய இரண்டு பயிற்சி அமைப்புகளையும் எடுத்துக்கொண்டது. பயிற்சி பெற்றவர்களையும் பெறாதவர்களையும் குலுக்கல் முறையில் பிரித்து ஒப்பிட்டது. 2 ஆண்டுகளில் பயிற்சி பெற்றவர்கள் சுமார் 18 சதவீதம் அதிகம் சம்பாதித்திருந்தார்கள். தற்செயல் என்று தள்ளிவிட முடியாத முடிவு இது. மாநிலத் தலைநகரங்களில் இந்த வழிமுறைக்குக் கிடைத்த மதிப்புக்கு இதில் பெரிய பங்குண்டு.

மாநிலங்கள் அதற்கு முன்பே களத்தில் இறங்கியிருந்தன, ஒவ்வொன்றும் தனக்கென ஒரு பெயரோடு. வாஷிங்டன் மாநிலம் 2000-இல் 'ஸ்கில் பேனல்' என்றது. மிச்சிகன் 2004-இல் 'ரீஜினல் ஸ்கில்ஸ் அலையன்ஸ்' என்றது. மாசசூசெட்ஸ் 2006-இல் இதற்கென ஓர் அறக்கட்டளை நிதியையே ஏற்படுத்தியது. மேரிலாந்து 2013-இல் போட்ட சட்டத்தின் முதலெழுத்துகள் சேர்ந்து 'ஏர்ன்', அதாவது 'சம்பாதி', என்று வரும். பெயர் வைக்க உட்கார்ந்தவர் மெனக்கெட்டிருக்கிறார்.

பென்சில்வேனியாவைக் கொஞ்சம் நின்று பார்க்கலாம். ஜனநாயகக் கட்சி ஆளுநர் எட் ரெண்டெல் காலத்தில் தொடங்கிய 'இண்டஸ்ட்ரி பார்ட்னர்ஷிப்' திட்டத்தை, 2011-இல் குடியரசுக் கட்சியின் டாம் கார்பெட் ஆளுநராக இருந்தபோது சட்டமாகவே நிறைவேற்றினார்கள். ஆட்சி மாறினால் திட்டத்தின் பெயரையாவது மாற்றிவிடும் உலகில் இது அபூர்வம். நிறுவனங்களே கேட்கும் பயிற்சி என்பதால் ஒரு கட்சிக்கும், தொழிலாளியின் சம்பளம் உயர்கிறது என்பதால் இன்னொரு கட்சிக்கும் பிடித்துப்போகிறது. நிலைத்ததற்கு அதுவே காரணம் என்பது என் கணிப்பு.

2014 ஜூலையில் கையெழுத்தான 'வொர்க்ஃபோர்ஸ் இன்னோவேஷன் அண்ட் ஆப்பர்ச்சுனிட்டி ஆக்ட்' என்ற கூட்டாட்சிச் சட்டம், சுருக்கமாக 'வியோவா', இந்தச் சொல்லுக்குச் சட்ட வரையறை தந்தது. ஒரே தொழில் தொகுப்பைச் சேர்ந்த பல நிறுவனங்கள், தொழிலாளர் தரப்புப் பிரதிநிதி, கல்வி அல்லது பயிற்சி தரும் நிறுவனம் ஆகிய மூன்று தரப்பும் இருக்க வேண்டும். கூட்டாட்சி அரசு தரும் பயிற்சி நிதியில் 15 சதவீதம் வரை மாநில அளவிலான பணிகளுக்கென ஆளுநர் ஒதுக்கி வைத்துக்கொள்ளலாம். இப்படிப்பட்ட கூட்டுகளை உருவாக்க வட்டாரங்களுக்கு உதவுவது அந்தப் பணத்தின் கட்டாயச் செலவுகளில் ஒன்று. விருப்பமிருந்தால் செய்யலாம் என்று விட்டுவிடவில்லை.

நடைமுறையில் எப்படி இருக்கும்? கென்டக்கியின் ஜார்ஜ்டவுனில் டொயோட்டா கார் தொழிற்சாலை இருக்கிறது. இயந்திரம், மின்சாரம், ரோபோ என எல்லாவற்றையும் பழுதுபார்க்கத் தெரிந்த ஆட்கள் போதவில்லை என்று 2010-இல் மாநில அரசின் சமுதாயக் கல்லூரியோடு சேர்ந்து ஒரு படிப்பைத் தொடங்கியது. பிறகு சுற்றுவட்டாரத்து மற்ற உற்பத்தி நிறுவனங்களும் சேர்ந்துகொண்டன. 'ஃபேம்' என்ற பெயரில் அது மற்ற மாநிலங்களுக்கும் பரவியது. மாணவர் வாரத்தில் 2 நாள் வகுப்பில், 3 நாள் தொழிற்சாலையில், சம்பளத்தோடு. ஐந்து பருவம் முடித்தால் பட்டம் கையில், பெரும்பாலும் வேலையும் கூடவே. ஆள் பிடிக்கப் போட்டி போடும் நிறுவனங்கள் ஆளை உருவாக்க ஒரே வகுப்பறையைப் பகிர்ந்துகொள்கின்றன. இதற்கு முன் ஒவ்வொரு நிறுவனமும், 'நான் செலவழித்துப் பயிற்சி கொடுப்பேன், பக்கத்துக் கம்பெனிக்காரன் கொத்திக்கொண்டு போவான்' என்று கையைக் கட்டிக்கொண்டிருந்தது.

சரி, தமிழில் என்ன சொல்வது?

'கூட்டணி' வேண்டாம். தேர்தல் வாடை போகாது. 'கூட்டமைப்பு' என்றால் வணிகர் சங்கங்களின் கூட்டமைப்பு போல முதலாளிகள் மட்டும் இருக்கும் சங்கம் என்று படும். கல்லூரிக்கும் தொழிற்சங்கத்துக்கும் அங்கே இடமில்லாமல் போகும். 'கூட்டாண்மை' பொருத்தம். கூடி ஆளும் தன்மை, மேலாண்மை போன்ற ஆக்கம். பொது-தனியார் கூட்டாண்மை என்று நாளிதழ்களில் ஏற்கெனவே பழகிய சொல்லும்கூட.

'செக்டர்' துறைதான். ஆனால் அரசுச் செய்திகளில் துறை என்றால் கல்வித்துறை, வருவாய்த்துறை போன்ற அரசு அலுவலகப் பிரிவு. 'துறைக் கூட்டாண்மை' என்று மட்டும் எழுதினால் இரண்டு அரசுத் துறைகள் சேர்ந்து போட்ட திட்டம் என்று படிப்பார்கள். 'தொழில்துறைக் கூட்டாண்மை' என்றாலும் தொழில்துறை அமைச்சர் எட்டிப் பார்ப்பார். அதனால் 'துறைசார் தொழிற்கூட்டாண்மை' என்பதே என் தேர்வு. தொழில் என்ற சொல் இங்கே கூடுதலாக ஒரு நல்லது செய்கிறது. தொழிலதிபரும் தொழிலாளியும் ஒரே சொல்லிலிருந்து வருகிறார்கள், இந்த மேசையில் இருவருக்கும் இடமுண்டு.

'இண்டஸ்ட்ரி லெட்' என்பதற்குப் பலர் 'தலைமையிலான' என்று போடுகிறார்கள். தவறில்லை. ஆனால் கல்யாணத்தையோ ஊர்க்காரியத்தையோ பொறுப்பெடுத்துச் செய்பவரை 'முன்னின்று நடத்துகிறார்' என்போமே, அதுதான் இங்கே நடப்பது. 'வொர்க்ஃபோர்ஸ் டெவலப்மென்ட்' என்பதைத் 'தொழிலாளர் படை வளர்ச்சி' என்று பெயர்த்தால் போருக்கு ஆள் சேர்ப்பது போலிருக்கும். தமிழ்நாட்டு அரசே தன் கழகத்தின் பெயரில் வைத்திருக்கும் 'திறன் மேம்பாடு' போதும்.

இன்னொன்று, இந்தக் கூட்டத்தைக் கூட்டி, குறிப்பெடுத்து, மறுகூட்டத்துக்கு எல்லோரையும் விரட்டிப் பிடிக்கும் அமைப்புக்கு ஆங்கிலத்தில் 'இன்டர்மீடியரி' என்று பெயர். அகராதியைப் பார்த்து 'இடைத்தரகர்' என்று எழுதிவிடாதீர்கள், கமிஷன் வாங்குபவர் ஆகிவிடுவார். 'ஒருங்கிணைப்பு அமைப்பு' சரி. மாநிலங்கள் தரும் மானியத்தில் ஒரு பகுதி இந்த அமைப்பின் ஊழியர் சம்பளத்துக்குப் போவதுண்டு. வீண்செலவு போலத் தெரியும், ஆனால் அது நின்றால் கூட்டமும் நின்றுவிடும்.

எதற்கு இந்தச் சொல்லைப் போடக்கூடாது என்பதும் முக்கியம். ஒரே ஒரு நிறுவனம் புதிய ஆலை திறக்கிறது, அதன் ஆட்களுக்குப் பயிற்சி கொடுக்க மாநிலம் பணம் தருகிறது என்றால், அது பயிற்சி மானியம். டெக்சாஸில் 1995-இல் ஏற்பட்ட திறன் மேம்பாட்டு நிதி ஒரே நிறுவனத்துக்கும் கிடைக்கும், பல நிறுவனங்கள் சேர்ந்தாலும் கிடைக்கும். பணம் போவதென்னவோ கல்லூரிக்குத்தான். கலிபோர்னியா 1982 முதல் முதலாளிகளிடம் ஓர் ஊழியருக்கு ஆண்டுக்கு அதிகபட்சம் 7 டாலர் பயிற்சி வரி வசூலித்து, அதிலிருந்து பயிற்சிச் செலவைத் தருகிறது. இவையும் நல்ல திட்டங்களே. மொழிபெயர்க்கும்போது மேசையைச் சுற்றி எத்தனை நிறுவனங்கள் இருக்கின்றன என்று ஒருமுறை எண்ணிப் பாருங்கள். ஒன்றுதான் என்றால் கூட்டாண்மை என்று எழுதாதீர்கள்.