கிண்ணத்தில் செத்தது மண்புழுதான்

போன வாரம் பண்ருட்டிப் பக்கத்து முந்திரிக்கொல்லை ஒன்றிலிருந்து 7 வயதுப் பையனைத் தூக்கி வந்தார்கள். கீழ் இமையை இழுத்துப் பார்த்தேன், சுண்ணாம்பாக வெளுத்திருந்தது. ஹீமோகுளோபின் 6.2, கடுமையான ரத்தசோகை. மலப் பரிசோதனையில் கொக்கிப்புழு முட்டைகள். "பூச்சி மருந்து எதுவும் கொடுத்தீங்களா ஆயா?" என்றேன். "ஆடுதின்னாப்பாளைச் சாறு மூணு மாசமா கொடுக்கிறோம் டாக்டர். ஆராய்ச்சியிலேயே நிரூபிச்சிருக்காங்க" என்று அவன் பாட்டி போனில் வீடியோவைக் காட்டினார். பள்ளியில் மாத்திரை கொடுத்த அன்று பையனை வீட்டிலேயே நிறுத்திக்கொண்டார்களாம். இந்த வருடம் இப்படி வந்த நான்காவது குழந்தை இவன்.

அந்த ஆராய்ச்சி என்ன தெரியுமா? மண்புழுவை இலைச்சாறு கலந்த கிண்ணத்தில் போட்டு, எத்தனை நிமிடத்தில் துவள்கிறது, எத்தனை நிமிடத்தில் சாகிறது என்று குறிப்பார்கள். பக்கத்துக் கிண்ணத்தில், பள்ளியில் கொடுக்கும் பூச்சி மாத்திரையான அல்பெண்டசோல். பார்மசி கல்லூரிகளில் அடிக்கடி நடக்கும் சோதனைதான். மண்புழு எளிதில் கிடைக்கும். எந்தச் செடியை மேற்கொண்டு ஆராயலாம் என்று சலித்தெடுக்க அது போதும். சிகிச்சைக்கு அது சான்றே அல்ல. நம் ஊரில் மண்புழுவையும் நாக்குப்பூச்சி என்போம், வயிற்றுப் புழுவையும் நாக்குப்பூச்சி என்போம். பேர்தான் ஒன்று. மண்புழு ஈரத் தோலால் மூச்சு விடும் பிராணி, உப்புத் தண்ணீரில் போட்டாலும் துடித்துச் சாகும். அதற்காகக் குழந்தைக்கு உப்புத் தண்ணீரைப் பூச்சி மருந்தாகக் கொடுப்பீர்களா? கொக்கிப்புழு சிறுகுடல் சுவரைக் கவ்விக்கொண்டு ரத்தம் குடிப்பது. கிண்ணத்தில் இருந்த வீரியத்தோடு சாறு அங்கே போய்ச் சேருமா, சேர்ந்தாலும் பிள்ளையின் சிறுநீரகம் தாங்குமா என்பதை மண்புழு சொல்லாது.

புழு உள்ளவர்களின் மலத்தில் கிராமுக்கு எத்தனை முட்டை என்று எண்ண வேண்டும். மருந்து கொடுத்து 14 முதல் 21 நாளுக்குள் திரும்ப எண்ண வேண்டும். அல்பெண்டசோல் சாப்பிட்டவர்களோடு ஒப்பிட வேண்டும். அதுதான் சோதனை.

மூலிகை மேல் எனக்குக் கோபம் இல்லை. மலேரியாவுக்கான ஆர்ட்டெமிசினின் ஒரு செடியிலிருந்து வந்ததுதான். அதைக் கண்டறிந்த சீன விஞ்ஞானி டூ யூயூவுக்கு 2015-இல் நோபல் பரிசும் கிடைத்தது. அவர் மருந்துப் பொருளைத் தனியே பிரித்து, அளவு கண்டு, மனிதர்களிடம் சோதித்த பிறகுதான் அது மருந்தானது.

ஆடுதின்னாப்பாளை விஷயம் வேறு. அதில் அரிஸ்டோலோக்கிக் அமிலம் இருக்கிறது. சிறுநீரகத்தைக் கெடுக்கும், புற்றுநோயும் உண்டாக்கும். 1990-களில் பெல்ஜியத்தில் இந்த அமிலம் கலந்த, உடல் எடையைக் குறைக்கும் மருந்தைச் சாப்பிட்டுப் பலருக்குச் சிறுநீரகமே போயிற்று. தயவுசெய்து, ஒரு வேளைகூடக் கொடுக்காதீர்கள்.

பிப்ரவரி 10, ஆகஸ்ட் 10-ஐ ஒட்டிப் பள்ளியிலும் அங்கன்வாடியிலும் அல்பெண்டசோல் இலவசம். ஒன்று முதல் இரண்டு வயது வரை அரை மாத்திரை, அதற்கு மேல் முழு 400 மில்லிகிராம். மூன்று வயதுக்குள் என்றால் நசுக்கித் தண்ணீரில் கலந்து கொடுங்கள், பெரிய பிள்ளைகள் மென்று விழுங்கட்டும். கொல்லைக்குப் போகும் பிள்ளைக்குச் செருப்பு வாங்கிக் கொடுங்கள். கொக்கிப்புழு பெரும்பாலும் பாதத்தோல் வழியாகத்தான் ஏறுகிறது. வீட்டில் எந்தச் சாறு கொடுத்திருந்தாலும் மறைக்காமல் சொல்லுங்கள், திட்ட மாட்டேன்.

பையனுக்கு ரத்தம் ஏற்றி, மாத்திரை கொடுத்தாயிற்று. சிறுநீரகத்தின் நிலையைக் காட்டும் கிரியாட்டினின் அளவு இப்போதைக்குச் சரியாக இருக்கிறது. அப்புறமும் பல மாதம் ரத்தம் எடுத்துப் பார்க்க வேண்டும். ஊசியைப் பார்த்தாலே ஆயாவின் முந்தானைக்குள் ஒளிந்துகொள்கிறான்.