1982-இல் பிறந்த ‘பழைய’ வால்ட்ஸ்

அமெரிக்க உள்நாட்டுப் போரைப் பற்றி கென் பர்ன்ஸ் எடுத்த ஆவணத் தொடர் 1990-இல் தொலைக்காட்சியில் வந்தபோது, அதில் ஒரு ஃபிடில் மெட்டு திரும்பத் திரும்ப ஒலித்தது. சலிவன் பலூ என்ற படை அதிகாரி, 1861 ஜூலையில் தன் கடைசிச் சண்டைக்கு ஒரு வாரம் முன்பு மனைவிக்கு எழுதிய கடிதத்தை வாசிக்கும் இடத்திலும் பின்னணியில் அதுதான். கூடாரத்து நெருப்போரம் யாரோ ஒரு சிப்பாய் வாசித்த மெட்டு என்றே பலரும் நம்பினார்கள். இன்றும் நம்புகிறவர்கள் உண்டு. ஆனால் ஜே அங்கர் என்ற அமெரிக்க ஃபிடில் கலைஞர் அதை இயற்றியது 1982-இல். தொடரின் மற்ற மெட்டுகள் 19ஆம் நூற்றாண்டுச் சரக்கு. இது ஒன்றுதான் புதுசு.

மெட்டின் பெயர் ‘அஷோகன் ஃபேர்வெல்’. நம்மூர் அசோகன் யாருக்கோ நடந்த வழியனுப்பு விழா என்று நினைத்துவிட வேண்டாம். நியூயார்க் மாநிலத்தில் கேட்ஸ்கில் மலைப்பக்கம் இருந்த ஊர் அஷோகன். நியூயார்க் நகரத்தின் குடிநீருக்காக 20ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் அங்கே நீர்த்தேக்கம் கட்டியதில் ஊரின் பெரும்பகுதி தண்ணீருக்குள் போய்விட்டது. அந்தப் பக்கத்தில்தான் அங்கர் கோடைதோறும் ஃபிடில், நடன முகாம் நடத்தி வந்தார். முகாம் முடிந்து வீடு திரும்பிய வெறுமையில், ஸ்காட்லாந்து இரங்கல் மெட்டுகளின் சாயலில் இதை எழுதினார். முகாமின் விடைபெறும் வால்ட்ஸாக, அதாவது மூன்று எண்ணிக்கையில் ஜோடிகள் ஆடும் நடன மெட்டாக, அது நிலைத்தது.

சரி, எட்டு வயது மெட்டு எப்படி நூறாண்டுப் பழசாகக் கேட்டது? ஸ்காட்லாந்துச் சாயல் ஒரு பாதி. மறுபாதி கருவிக்குள் இருக்கிறது.

ஃபிடில் என்பது நம் வயலின்தான், வாசிக்கும் விதம்தான் வேறு. மேற்கத்தியச் சுருதியில் அதன் நான்கு தந்திகள் ஜி, டி, ஏ, ஈ. கையில் வயலின் இருந்தால் ஒரு சோதனை செய்து பாருங்கள். சின்னக் காகிதத் துண்டை மடித்து, டி தந்தியின் மேல், நுனியிலிருந்து கால்வாசி தூரத்தில் குதிரையேற்றி வையுங்கள். அந்தத் தந்தியைத் தொடாமல், பக்கத்து ஏ தந்தியில் மூன்றாம் விரலை வைத்து மேல்ஸ்தாயி டி-யை வில்லால் அழுத்தமாக இழுங்கள். காகிதம் துள்ளும். அதையே தந்தியின் நட்டநடுவில் வைத்தால் கம்மென்று உட்கார்ந்திருக்கும்.

டி தந்தி முழுதாக அதிர்ந்தால் நொடிக்கு சுமார் 294 முறை. அதே தந்தி இரண்டு பாதிகளாகப் பிரிந்தும் அதிரும். அப்போது 587. மேல்ஸ்தாயி டி-யும் 587தான். ஏ தந்தியின் அதிர்வு, தந்திகளைத் தாங்கி நிற்கும் ‘குதிரை’ என்ற மரத்துண்டு வழியாக டி தந்திக்குப் போய், ஊஞ்சலைச் சரியான நேரத்தில் தள்ளுவதுபோல் ஒவ்வொரு முறையும் தள்ளுகிறது. இரு பாதிகளும் ஆட, நடுப்புள்ளி மட்டும் அசையாது. வில் படாத தந்தியும் இப்படிச் சேர்ந்து பாடும். விரல் அரைச் சுரம் தள்ளி விழுந்தால் இந்தத் துணை கிடைக்காது.

அங்கரின் மெட்டு டி-யை ஆதாரமாகக் கொண்டது. இரண்டு சிறு சுரங்களில் ஏறி அது முதலில் நின்று நீளும் சுரமும் இதே மேல்ஸ்தாயி டி-தான்! ஒரே ஒருவர் வாசித்தாலும் பின்னால் யாரோ சுருதி பிடிப்பதுபோல் தோன்றும். பழைய பாணி ஃபிடில்காரர்கள் டி, ஜி, ஏ ஆதாரங்களிலேயே சுற்றிச் சுற்றி வருவதற்கு இது ஒரு பெரிய காரணம். பக்கத்துத் தந்தியையும் வில்லால் சேர்த்து இழுத்து அந்த ரீங்காரத்தைக் கூட்டிக்கொள்வார்கள். சில மெட்டுகளுக்குத் தந்திகளையே ஏ-ஈ-ஏ-ஈ என்று மாற்றிக் கட்டுவார்கள். அது நம் கச்சேரி வயலினின் ச-ப-ச-ப அமைப்பேதான். இதைக் கவனித்த அன்று எனக்குக் கொஞ்சம் சிலிர்த்தது.

அப்புறம் வில். ரோசின் என்ற பிசின் தடவிய, வில்லின் குதிரைமுடி தந்தியைப் பற்றி இழுக்கும், ஒரு கட்டத்தில் தந்தி வழுக்கித் திரும்பும், மறுபடி பற்றும். ஏ தந்தியில் இது நொடிக்கு 440 முறை. அதனால் ஒலி கிதாரைப்போல் பிறந்ததுமே தேயாது. வில் போகும்வரை நீளும், வீங்கும், ஒடுங்கும். வீணையில் தந்திக்கு அடியில் இருக்கும் மெட்டுக்கட்டைகள் இதில் இல்லாததால் விரல் சுரத்துக்குச் சுரம் வழுக்கவும் முடியும். அழுகுரல் செய்கிற வேலை அத்தனையும் இதில் வந்துவிடுகிறது.

வால்ட்ஸின் மூன்று எண்ணிக்கையும் கை கொடுக்கிறது. எண்ணிக்கைக்கு ஒரு வில்வீச்சு போட்டால் ஒரு சுற்று கீழ்வீச்சில் தொடங்கும், அடுத்தது மேல்வீச்சில். கீழ்வீச்சில் கையின் எடையும் சேர்ந்து விழும். மேல்வீச்சு இயல்பாகவே சற்று இலேசு. சுற்றுக்குச் சுற்று கனமும் இலேசுமாக மாறி வருகிற அந்த அசைவில்தான் ஜோடிகள் கால் மாற்றுகிறார்கள்.