அமெச்சூர் ஸ்லூத்: தமிழில் எப்படிச் சொல்வது?

மிஸ் மார்ப்பிளுக்குப் பின்னல் வேலை தெரியும், தோட்ட வேலை தெரியும், ஊர்வம்பு ரொம்ப நன்றாகத் தெரியும். போலீஸ் உத்தியோகம் மட்டும் கிடையாது. ஆனாலும் 1930இல் வந்த அகதா கிறிஸ்டியின் முதல் மார்ப்பிள் நாவலிலேயே, செயின்ட் மேரி மீட் கிராமத்தில் கொலை நடந்தால் முடிச்சை அவிழ்ப்பவர் இந்தப் பாட்டிதான். இப்படிப்பட்டவர்களுக்கு ஆங்கிலத்தில் ‘அமெச்சூர் ஸ்லூத்’ என்று பெயர். ‘கோஸி மிஸ்டரி’ என்ற கதைவகைக்கு அச்சாணி இவர்களே. ஊர் சின்னதாக இருக்கும், ரத்தம் தெறிக்காது, கொலையாளியும் பெரும்பாலும் தெரிந்த முகமாகவே இருப்பார்.

முதலில் ‘ஸ்லூத்’. பழைய நார்ஸ் மொழியில் இதன் மூலச்சொல்லுக்குப் பொருள் தடம். தடம் பிடித்து ஓடும் வேட்டைநாயை ஸ்காட்லாந்தில் ‘ஸ்லூத் ஹவுண்ட்’ என்றார்கள். 14ஆம் நூற்றாண்டில் ஜான் பார்பர் பாடிய காவியத்தில், மன்னர் ராபர்ட் புரூஸை அப்படியொரு நாய் துரத்துகிறது. அவர் ஓடைக்குள் இறங்கி நடந்து மோப்பத்தைக் கெடுத்துத் தப்புகிறார். (நம் செய்தித்தாள்களில் மோப்ப நாய் ‘சிறிது தூரம் ஓடி நின்றுவிட்டது, யாரையும் கவ்விப் பிடிக்கவில்லை’ என்று படிக்கும்போதெல்லாம் எனக்கு அந்த ஓடைதான் நினைவுக்கு வரும்.) 19ஆம் நூற்றாண்டு அமெரிக்காவில் நாய் கழன்று போய், ‘ஸ்லூத்’ மட்டும் துப்பறிகிற மனிதருக்குப் பெயராகிவிட்டது.

தமிழில் அந்த இடத்தில் ‘துப்பு’ இருக்கிறது. அதுவும் லேசுப்பட்ட சொல் இல்லை. ‘துப்பார்க்குத் துப்பாய துப்பாக்கி’ என்ற குறளில் அது உணவு. பழைய இலக்கியத்தில் வலிமை, பவளம் என்ற பொருள்களும் உண்டு. ‘நாலு காசு சம்பாதிக்கத் துப்பில்லை’ என்று வீட்டில் திட்டு வாங்கும்போது அது திறமை. அடையாளம், தடயம் என்ற பொருளில் வந்ததுதான் துப்பறிதல், துப்புத் துலக்குதல் எல்லாம். ஆக, ‘துப்பறிவாளர்’ சரியாகவே பொருந்துகிறது.

சிக்கல் ‘அமெச்சூரில்’தான். ‘கத்துக்குட்டி’ என்று போடுகிறவர்கள் உண்டு. கிரிக்கெட்டில் தோற்றுக்கொண்டே இருக்கும் அணிக்கு அது சரி. போலீஸையே திருத்துகிற மார்ப்பிளுக்கு எப்படிச் சரியாகும்? ‘தொழில்முறை சாராத’ என்பதோ அரசாணை மாதிரி இருக்கிறது. உண்மையில் அமெச்சூர், லத்தீனில் ‘நேசிப்பவர்’ என்ற சொல்லிலிருந்து பிரெஞ்சு வழியாக வந்தது. கூலிக்காக இல்லாமல் பிரியத்துக்காகச் செய்பவர். சென்னையில், பின்னாளில் வக்கீலான பம்மல் சம்பந்த முதலியார் 1891இல் தொடங்கிய சுகுண விலாச சபாவை அமெச்சூர் நாடக சபா என்பது இந்தப் பொருளில்தான்.

இதற்கு வள்ளுவரிடமே சொல் இருக்கிறது. ‘அன்பிற்கும் உண்டோ அடைக்குந்தாழ் ஆர்வலர் புன்கணீர் பூசல் தரும்.’ இங்கே ஆர்வலர் என்றால் அன்புடையவர். அமெச்சூரின் மூலப்பொருள் அப்படியே வந்து உட்கார்ந்துவிடுகிறது. பறவை ஆர்வலர், வரலாற்று ஆர்வலர் என்று ஏற்கெனவே சொல்லிப் பழகியும் விட்டோம். ஆகவே ‘துப்பறியும் ஆர்வலர்’ என்பது என் தேர்வு.

அப்புறம் ‘கோஸி’. இதுவும் ஸ்காட்லாந்துச் சரக்குதான். குளிருக்கு அடக்கமாக, போர்த்திக்கொண்டு உட்கார்ந்த சுகம். டீ ஆறாமலிருக்கக் கெண்டிக்குப் போடும் துணியுறைக்கும் ஆங்கிலத்தில் இதே பெயர். ‘கதகதப்பான மர்மக்கதை’ என்று மொழிபெயர்க்கலாம்தான், ஆனால் மே மாதச் சென்னையில் கதகதப்பை யார் கேட்டார்கள்? ‘இதமான மர்மக்கதை’ என்றால் சரியாக இருக்கும். இதம் வடமொழி வேர் என்று தனித்தமிழ் அன்பர்கள் கோபிக்கலாம். ஆனால் ஊட்டியில் வெந்நீரும் இதம், மதுரையில் ஜிகர்தண்டாவும் இதம்.